‘நீங்க’ என்று கூப்பிட்ட நாள்

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் எங்கேயாவது தூக்கிப் போடத்தான் தோன்றியிருக்கும். எப்படியோ பிரித்துவிட்டாய், இனிக் கடைசி வரை படித்துவிடு. போன் செய்து பார்த்தேன். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்குப் பேச்சு வந்திருக்காது, அழுகைதான் வந்திருக்கும். கடிதம் என்றால் அழுதுகொண்டே எழுதலாம்.

உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்படாதே என்று எழுத நினைத்தேன். நானே பயந்து செத்துக்கொண்டிருக்கும்போது உனக்கு எப்படித் தைரியம் சொல்வது?

ஜனவரியிலிருந்தே ஆள் சரியில்லை. தூக்கம் போனது. சொன்னதையே சொன்னார். கடையில் ஒரு அம்மாவுக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார். யார், உன் அண்ணன்! மயிரிழை விலகினால் கூட லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டுகிற மனிதர். குளியலறையில் யாரோ நிற்கிறார்கள் என்றார். மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன், மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாளில் வலது கை திடீர் திடீரென்று வெட்டி இழுப்பதைப் பார்த்தேன். மாத்திரை செய்கிற வேலை, போகப் போகச் சரியாகும் என்றார்கள். போன வாரம் கடையில் கல்லாவுக்கு முன்னாலேயே விழுந்து உடம்பு முழுக்க வெட்டி இழுத்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றி இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது பார்ப்பவர் ஒரு நரம்பு டாக்டரம்மா. பொறுமையாகச் சொன்னார்: "கிருமி வந்தா சண்டை போடறதுக்கு ரத்தத்துல ஒரு பொருள் ஊறும்மா, அதுக்குப் பேரு ஆன்டிபாடி. சில பேருக்கு அது தடம் மாறி சொந்த மூளையையே தாக்க ஆரம்பிச்சிடும். மூளை வீங்கிடும். அதனால புத்தி தடுமாறும், குணம் மாறும்." அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே அந்த வசதி இல்லையாம்.

டாக்டரம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான். "எப்ப ஆரம்பிச்சது? முதமுதல்ல வித்தியாசமா என்ன நடந்துச்சு?" டிசம்பரில் என் அக்காவின் ஆபரேஷனுக்காக நான் அவள் ஊருக்குப் போய்விட்டேன். அவர் தனியாகத்தான் இருந்தார். அந்தச் சமயத்தில் உன்னிடம் பேசினாரா? பேச்சில் ஏதாவது தெரிந்ததா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன், மனசு கேட்கவில்லை. உன் மகள் குட்டி வாலு கல்யாணத்துக்கு எங்களை நீ கூப்பிடவில்லை. "கூப்பிடலையா?" என்று அவரைக் கேட்டேன். "இல்ல, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை பார்க்கும்போது அவரைக் கலந்து பேசவில்லை என்று அவர் கொஞ்சம் முறைத்தது நிஜம். அதற்காகத் தாய்மாமனையே விட்டுவிட்டு ஒரு கல்யாணமா, வாலு?

கோபம் போகாத அன்புடன்,
அண்ணி


மார்ச் 9

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. காரில் வைத்துத்தான் படித்தேன். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவரை ஓரம் கட்டச் சொன்னேன். ஏன் என்று தெரியாமல் அவரும் பாவம், இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கூப்பிடவில்லையா? கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பர் நடுவில், வேலைக்கு லீவு போட்டு, அண்ணனைப் பார்க்க நேரில் வந்தேன். போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுக் கிளம்பி வந்தேன். முதல் பத்திரிகை அண்ணனுக்குத்தான் என்று வேறு யாருக்கும் கொடுக்காமல் கைப்பையில் வைத்திருந்தேன். வீடு பூட்டியிருந்தது. நேராகக் கடைக்கு வந்தேன்.

அவன் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "வாங்க, உட்காருங்க. என்ன பாக்கணும் உங்களுக்கு?" என்றான்.

நான் சிரித்தேன் அண்ணி. முறைப்பைக் காட்டுகிறான் என்று நினைத்தேன். "போதும்ணா உன் நடிப்பு" என்றேன். அவன் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இந்தப் பிரேம் நம்ம கடையில வாங்கினதுதானே? உங்களுக்கு நல்லா இருக்குங்க" என்றான். கடை திறந்த அன்று அவனே தேடி எடுத்துக் கொடுத்த பிரேம் அது. பிறந்ததிலிருந்து என்னை வா, போ, ஏய், வாலு, கழுதை என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத வாய். அந்த வாய் என்னை ‘நீங்க’ என்றது. கன்னத்தில் அறைந்திருந்தால் கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பத்திரிகையை நீட்டினேன். வாங்கினான். முகத்தை ஒரு பக்கமாக இழுத்துச் சுளித்தான். கையில் இருந்ததை அப்படியே வீசினான். அது கண்ணாடி அலமாரியில் மோதிக் கீழே விழுந்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி, "வேற ஏதாவது பாக்கறீங்களா?" என்றான். கண் பரிசோதனைக்கு அந்தக் கனமான வட்டப் பிரேமை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் கூடத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நான் எத்தனையாகத் தெரிந்தேனோ. குனிந்து பத்திரிகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அது இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

கல்யாணத்தில் ஆள் ஆளுக்கு "மாமா எங்கே, மாமா எங்கே" என்று கேட்டார்கள். வருகிறார், வழியில் இருக்கிறார் என்று கடைசி வரை சமாளித்தேன். உங்களுக்கும் எல்லாம் தெரியும், தெரிந்துதான் வரவில்லை என்று நினைத்தேன்.

அவனுக்கு உடம்பு சரியில்லை என்பது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அன்று அவன் செய்ததைத் தூக்கி நோயின் தலையில் கட்டாதீர்கள். பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பி.கு. சாப்பாடு இறங்குகிறதா அவனுக்கு? தூங்குகிறானா?


மார்ச் 10

அன்புள்ள வாலுக்கு,

என் முதல் கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இந்தச் செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது.

ரிசல்ட் வந்துவிட்டது. நெகட்டிவ்! ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இல்லவே இல்லையாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லங்க, ஒண்ணும் இல்ல" என்றேன். "யாருக்கு?" என்று கேட்டார். நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனால் அரைச் சிரிப்பாக இருந்தது. டாக்டரம்மா வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றாள்.

பகையை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் வாலு. உன் அண்ணன் மூளைக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படு.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் அனுப்பியது இந்நேரம் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

நீங்கள் சந்தோஷப்படச் சொன்னீர்கள். நான் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர், "நல்ல விஷயம்தானே, ஏன் இப்படி இருக்க?" என்றார். அவருக்கு எப்படிச் சொல்வேன்?

உங்களிடம் சொல்கிறேன். என் முதல் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நிஜமாகவே நோய்தானோ? அன்று என்னை நிஜமாகவே தெரியவில்லையோ? அந்த நினைப்பு வந்ததும் என் மனசு எவ்வளவு லேசானது தெரியுமா? அவன் ரத்தத்தில் அது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம். கூடப்பிறந்தவன் ரத்தத்தில் கெட்டது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட தங்கை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது இல்லை என்கிறார்கள். நோய் இல்லை என்றால் அன்று பேசியது அவன்தான். என்னை நன்றாகத் தெரிந்து, நன்றாகப் பார்த்து, ‘நீங்க’ என்றான். நீங்கள் நிம்மதியாக இருங்கள் அண்ணி. எனக்கு அந்த நிம்மதியில் பங்கு இல்லை.

நாத்தனார்


மார்ச் 19

என் தங்கமே வாலு,

நேற்று நீ போனை எடுத்தாயே, அதுவே எனக்குப் போதும். "வலது கை, வலது கன்னம்" என்றாய். பிறகு நீ அழுதாய், நான் அழுதேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். வேறு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

நெகட்டிவ் என்று நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டாக்டரம்மா வந்ததும் சொன்னார்: "இது பாசிட்டிவ்னு வந்திருந்தா நமக்கு நல்லதும்மா. மருந்து கொடுத்துக் குறைச்சிருப்போம். எதுவுமே இல்லன்னா அப்புறம் மறதி நோய் பக்கம்தான் யோசிக்கணும். அதுக்கு வைத்தியம் கம்மி." நானும் உன்னை மாதிரியே வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். ஆக, அப்படி வேண்டிக்கொண்டது நீ ஒருத்தி மட்டும் இல்லை.

"எப்ப ஆரம்பிச்சதுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?" என்று மறுபடி கேட்டார். உன் கடிதம் பையில் இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு படித்துக் காட்டினேன். ‘நீங்க’ என்று சொன்ன இடத்தில் தலையை ஆட்டினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு பத்திரிகையை வீசிய இடம் வந்ததும், "நிறுத்துங்க. அந்த இடத்த மறுபடி படிங்க" என்றார். படித்தேன். "எந்தக் கை? முகம் எந்தப் பக்கம் இழுத்துச்சு? மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியா?" அதற்குத்தான் உனக்குப் போன் செய்தேன்.

வாலு, அவர் பத்திரிகையை வீசவில்லை. முகமும் கையும் ஒரே பக்கமாக ஒரு நொடி வெட்டி இழுப்பது ஒரு வகை வலிப்பாம். அவருக்கே தெரியாமல் வந்து போகுமாம். நாங்கள் எல்லாரும் மாத்திரையால் வந்தது என்று விட்டுவிட்டோம். மாத்திரைக்கு முன்பே வந்ததைப் பார்த்த ஆள் நீ ஒருத்திதான். நீ அதைக் கோபம் என்று நினைத்து மனசில் வைத்திருந்ததால்தான் ஒன்றுகூட மறக்காமல் எழுதியிருக்கிறாய்.

முன்பு பார்த்தது ஒரே ஒரு வகை ஆன்டிபாடியை மட்டும்தானாம். அதில் நிறைய வகை உண்டு. இந்த வெட்டி இழுப்பு இருந்தால் தேட வேண்டியது வேறொன்று. அதன் பெயர் எழுத்தும் எண்ணுமாக உன் கார் நம்பர் மாதிரி இருக்கிறது, எனக்கு வாயில் நுழையவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நீ கடை வரை வந்து திரும்பிப் போனது எனக்குத் தெரியாமலே போயிற்றே. அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

ரிசல்ட் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று தினமும் போன் செய்து உங்கள் உயிரை வாங்குகிறேன். இனி போன் செய்வதில்லை, எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, முகத்தில் மட்டும் தைரியத்தைக் காட்ட வேண்டும். இந்த வாரம் அதுவும் முடியவில்லை. ஒரு பெண் அழகாக, நிதானமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள், நான் நடுரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டேன். "என்ன மேடம், எதிர்ல யாருமே இல்லையே?" என்றாள். யாரும் இல்லைதான். என் கண்ணுக்கு முன்னால் அண்ணன் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

டாக்டரம்மா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய ரத்தம் சொந்த மூளையையே வெளியாள் என்று நினைத்துவிட்டதா? அப்படியானால் அவன் உடம்பே அவன் மூளையைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டிருக்கிறது. நான் எல்லாம் எந்த மூலைக்கு?

உங்களைப் பார்க்க வர டிக்கெட் எடுத்தேன். ரத்து செய்துவிட்டேன். பயம்தான் அண்ணி, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் டிசம்பரில் நடந்தது துடைத்தது மாதிரி போய்விடும், சரி. நான் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவன் நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் "வாங்க" என்றால்? ஒரு தடவை கோபத்தில் திரும்பி வந்தேன், தாங்க முடிந்தது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை என்று தெரிந்த பிறகு எந்த முகத்தோடு திரும்பி வருவேன்?

ரிசல்ட் வந்த உடனே போன் செய்யுங்கள். எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

வாலு


ஏப்ரல் 6

அன்புள்ள வாலுக்கு,

பாசிட்டிவ் என்று போனில் சொன்னதும் நீ கத்திய கத்தலில் என் காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "என்னம்மா, பேரன் பொறந்திருக்கானா?" என்றாள். "இல்லம்மா, இவருக்கு வியாதி இருக்காம்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள். பசி வந்துவிட்டது, அவர் தட்டையும் காலி செய்து என் தட்டையும் பார்க்கிறார். கை வெட்டி இழுப்பது நின்றுவிட்டது. டாக்டரம்மாவுக்கு முகத்தில் தெளிவு தெரிகிறது.

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வருகிறேன் என்கிறாய், நான் இன்று நாளை என்று தள்ளுகிறேன், ஏன் என்று கேட்டாயே. நேற்று உன் போட்டோவைக் காட்டினேன், கடை திறந்த அன்று நாம் மூவரும் எடுத்தது. என்னைக் காட்டி, "இது நீ" என்றார். அவரைக் காட்டி, "நான், முடியோட" என்றார். உன் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவங்க பிரேம் நம்ம கடையில வாங்கினது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். "எல்லாரையும் ஒரே நேரத்துல எதிர்பாக்காதீங்க, மெதுவா வரும். சிலது வராமலும் போகலாம்" என்று டாக்டரம்மா சொல்கிறார். வராமல் போவது எது என்று யாரைக் கேட்பது?

நீ இப்போது வர வேண்டாம். என்னைத் திட்டாதே.

அண்ணி


ஜூன் 12

அன்புள்ள வாலுக்கு,

வீட்டுக்கு வந்து நாளாயிற்று, போனில் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாய். தினமும் கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து வருகிறார். மெஷின் பக்கம் இன்னும் விடுவதில்லை.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே வந்து, "வாலு ஏன் இந்தப் பக்கமே வரல?" என்றார். என் கையில் இருந்த பாத்திரம் கீழே விழுந்துவிட்டது. யார் என்று நான் சொல்லவில்லை, ஞாபகப்படுத்தவும் இல்லை, அவராகவே கேட்டார். உன் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அது இப்போதுதான் உறைத்தது போல. "எனக்குச் சொல்லாமலா? என்னக் கூப்பிடாமலா?" என்று ஒரே குதி. வீடே ரெண்டுபட்டது. இத்தனை மாதத்தில் அவர் குரல் அவர் குரலாக இருந்தது இன்றுதான். நான் அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டே அழுதேன்.

டிசம்பரிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடந்தது எதுவும் அவரிடம் இல்லை. அது திரும்பி வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நீ கடைக்கு வந்ததும் இல்லை, பத்திரிகையும் இல்லை. "அவ வந்தா, நீங்கதான் கவனிக்கல" என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். தங்கையை அடையாளம் தெரியாமல் துரத்தினீர்கள் என்று அவரிடம் சொல்வதா? சொல்லாவிட்டால் பழி உன் மேல் நிற்கிறது. அவமானப்பட்டவள் நீ. சொல் என்றால் இன்றே சொல்லிவிடுகிறேன், வாலு. முடிவு உன்னுடையது.

உனக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். நான் திருத்தவில்லை. படித்துவிட்டுப் பயப்படாதே.

அண்ணி


(அந்த உறைக்குள்)

ஏய் வாலு,

எழுதக் கூடாது என்று இருந்தேன். உன் அண்ணிதான் எழுதச் சொல்லி உயிரை எடுக்கிறாள்.

உனக்கு மூத்தவன் ஒருத்தன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பே இல்லையா? மகளுக்குக் கல்யாணம் செய்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன சாப்பாட்டுக்கா வரப்போகிறேன்? வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று சொல்ல ஆள் வேண்டாமா? ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாய், உனக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை.

எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததாம். எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. மாத்திரை நிறையக் கொடுக்கிறார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

கண்ணாடியை மாற்றினாயா? பவர் கூடியிருக்கும். வேறு கடையில் வாங்கினாய் என்று தெரிந்தால் தொலைத்துவிடுவேன்.

குட்டி வாலு இப்போது எந்த வகுப்பு படிக்கிறாள்? நன்றாகப் படிக்கச் சொல்.

கண்ணாடியை மாற்றினாயா? பவர் கூடியிருக்கும். இங்கே வந்தால் நானே பார்க்கிறேன்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள்? தெரியப்படுத்தவும்.

அண்ணன்


ஜூன் 18

அண்ணா,

உன் திட்டு வந்து சேர்ந்தது. காரில் வைத்துத்தான் படித்தேன். ஓட்டிக்கொண்டிருந்த பெண், "என்ன மேடம், அழறீங்களா?" என்றாள். "எங்கண்ணன் திட்டியிருக்கான்" என்றேன். "ஐயோ, அவ்வளவு மோசமா திட்டிட்டாரா?" என்றாள். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆமாம் அண்ணா, உன்னைக் கூப்பிடவில்லை. கல்யாண அலைச்சலில் விட்டுப்போயிற்று. சாக்குச் சொல்ல மாட்டேன். அண்ணியைக் கேட்டுத் துளைக்காதே, இதில் அவர்களுக்குச் சம்பந்தமே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. இந்த ஒன்றை நீ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டலாம். பேரப்பிள்ளைகள் முன்னால் கூடச் சொல்லலாம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடியை மாற்றவில்லை. நீ எடுத்துக் கொடுத்த அதே பிரேம்தான். அதை மாற்றவும் மாட்டேன். பவர் மட்டும் கூடியிருக்கிறது, ரோட்டில் பலகைகள் எல்லாம் பனியில் நிற்கின்றன. இதுவா தெளிவு, அதுவா தெளிவு என்று நீ கேட்டால்தான் எனக்குப் பதில் சொல்ல வரும்.

குட்டி வாலு படித்து முடித்துவிட்டாள். அவளையும் மாப்பிள்ளையையும் பிறகு அனுப்பிவைக்கிறேன். நிதானமாகத் தெரிந்துகொள், அவசரம் ஒன்றும் இல்லை.

கடைசி வரியில் ‘நீங்கள் எப்போது வருகிறீர்கள்’ என்று எழுதியிருக்கிறாய். எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கேட்டிருப்பாய் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். எத்தனையோ முறை படித்துப் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. உன்னையும் கேட்க மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தனியாக. எனக்கு மரியாதை எல்லாம் கொடுக்காதே அண்ணா, வாசலில் நின்று ‘வா’ என்று சொல், போதும். வாய் தவறி ‘வாங்க, உட்காருங்க’ என்று வந்துவிட்டாலும் பரவாயில்லை. உட்கார்ந்துகொள்கிறேன். இந்தத் தடவை திரும்பிப் போக மாட்டேன்.

வாலு